ஒரு கிலோ பருப்பில் எழுபது பேர்

மட்டாஞ்சேரி முத்தமிழ் நலப் பேரவையின் தலைவர் வெங்கிடேஸ்வரன் முப்பத்தோரு வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். எதிரே வந்து நிற்கிற ஒவ்வொருவனும் ஏமாற்றத்தான் வந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, பிறகு குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி மெல்ல மெல்ல உருகுவதுதான் அங்கே அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு உருகுவது நின்றுபோயிற்று. சந்தேகம் மட்டும் பென்ஷனோடு சேர்ந்து மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பேரவையின் நோக்கம் தமிழ் வளர்ப்பது. கூட்டக் குறிப்புகளை உதவித் தலைவர் ராமபத்ரன் மலையாளத்தில் எழுதுவார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். தலைவரைத் தவிரத் தமிழில் எழுதத் தெரிந்த ஒரே நிர்வாகி செயலாளர் முத்துவேல். கடைத்தெருவில் பூக்கடை வைத்திருப்பதால் தமிழுக்கு அவனிடம் நேரம் கிடையாது. பேரவைக்கு ஒரு சின்ன மண்டபமும், தலைவர் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்த கடிதத்தாளும், அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் யாரோ புண்ணியவான் எழுதிவைத்த பழைய ஓட்டு வீடும் சொந்தம்.

அந்த ஓட்டு வீட்டில்தான் சந்தனமாரி வாடகைக்கு இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் வீரபாண்டி மூட்டை தூக்கி இடுப்பை விட்டவன். இப்போது உட்கார்ந்தபடி காய் நறுக்குகிறான். தினமும் மத்தியானம் அவள் எழுபது பேருக்குச் சோறு போட்டாள். கட்டிட வேலைக்காரர்கள், ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், பள்ளுருத்தி ஆட்டோக்காரர்கள். சோறு, சாம்பார், ஒரு தொடுகறி, மோர், எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். விதி ஒன்றே ஒன்று: அவரவர் பாத்திரத்தை அவரவர் கொண்டுவர வேண்டும். தட்டு, இலை, கழுவுகிற வேலை, உட்கார இடம் எதுவும் கிடையாது. பாத்திரம் இல்லாமல் வந்தவன் பெரிய மேஸ்திரியானாலும் திரும்பிப் போய் எடுத்து வந்தான்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, பேரவைக் கூட்டத்துக்குச் சந்தனமாரி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

"சாப்பாட்டு லைசென்சைப் புதுக்கணும் சார். வீட்டு உடமைக்காரங்க சம்மதக் கடிதம் வேணும்னு ஆபீசுல சொல்லிட்டாவ. முப்பதாம் தேதிக்குள்ள குடுக்கலேன்னா ஒண்ணாந் தேதியிலேருந்து அடுப்பு பத்தவைக்கக் கூடாதாம்."

வெங்கிடேஸ்வரன் பேனாவைத் திறந்தார். பேனா திறந்தால் கேள்வி வருவது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

"எத்தனை பேருக்குச் சமைக்கறே?"

"எழுவது, எழுவத்தஞ்சு."

"சாம்பாருக்குப் பருப்பு?"

"ஒரு கிலோ."

பேனா மூடிக்கொண்டது.

"எழுபது பேருக்கு ஒரு கிலோவா?"

"கூட்டம் கொறைஞ்சா முக்காக் கிலோ சார்."

"எங்காத்துல ரெண்டு பேருக்கு நாளைக்கு நூறு கிராம். மாசம் மூணு கிலோ நானாக்கும் வாங்கிண்டு போறேன். அந்தக் கணக்குக்கு எழுபது பேருக்கு மூணரைக் கிலோ. பாக்கி ரெண்டரைக் கிலோ எங்கே போறது?"

"அதாக்கும் கேள்வி," என்றார் ராமபத்ரன், எழுதிக்கொண்டே.

"இல்லாத பருப்பு எங்க சார் போவும்?" என்றாள் சந்தனமாரி.

இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதா, ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்வதா என்று வெங்கிடேஸ்வரன் ஒரு நிமிஷம் யோசித்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டார். அங்கேயே மூன்று பேர் கொண்ட உணவுத் தூய்மை விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் அவர். அறிவியல் ஆலோசகர் ராமபத்ரன். ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கி ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் முத்துவேல். "எனக்கு எதுக்கு சார் இது?" என்று அவன் கேட்டதை ராமபத்ரன் குறிப்பில் ஏற்றவில்லை.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குக் குழு ஓட்டு வீட்டுக்கு வந்தது. வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்ட சாய்ப்பு, அதுதான் சமையல்கட்டு. இரண்டு பெரிய அடுப்பு, இரண்டு அண்டா. முதல் ஈடு சோறு வடித்து, சாக்கைச் சுற்றி ஓரமாக வைத்திருந்தது. இரண்டாம் ஈடு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வரிசை நின்றது, கையில் தூக்குச்சட்டியும் டிபன் பாக்ஸும் பெயிண்ட் வாளியும்.

"அரிசி எங்கே வாங்கறே?"

"கிட்டங்கியில கிழிஞ்ச மூட்டை இருக்கும்லா சார், பாதி விலைக்குத் தருவாவ. அரிசி கிழியாதே, சாக்குத்தானே கிழியுது."

"தொடுகறி?"

"காலையில சந்தையில எது குமிஞ்சு கெடக்கோ அது. இன்னிக்குக் கோசு. நாளைக்கு என்னன்னு இப்பக் கேட்டா எனக்கே தெரியாது."

"பருப்பு?"

அவள் அண்டாவைத் திறந்தாள். சாம்பார் கெட்டியாக, மஞ்சளாக, சோம்பலாகக் கொதித்தது. வெங்கிடேஸ்வரனுக்கு அந்தக் கெட்டியே பிடிக்கவில்லை. ஒரு கிலோ பருப்புக்கு அவ்வளவு கெட்டியாக இருக்க உரிமை கிடையாது.

"அஞ்சு மணிக்கே ஊறப்போட்டுருவேன். மத்தங்கா, அதான் நம்மூரு மஞ்சப் பூசணி, ஆறு கிலோ தோலோட வேகும். ரெண்டையும் சேத்துக் கடைஞ்சா எது பருப்பு, எது மத்தங்கான்னு அதுக்கே தெரியாது. சோறு வடிச்ச கஞ்சி ரெண்டு சொம்பு. பொடி திரிக்கையில மல்லியோட ஒரு புடி பச்சரிசி வறுத்துப் போட்டுருக்கேன், கொளகொளன்னு நிக்கும். அவ்வளவுதான் சார்."

ராமபத்ரன் பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். "சாம்பிள் வேணும்."

"கழுத்து வரைக்கும் ஊத்தட்டா சார்?"

"ஆமாம். கொஞ்சம் சோறும் வை. சோறில்லாம பரிசோதனை பூர்த்தியாகாது."

திரும்பி நடக்கும்போது வெங்கிடேஸ்வரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேட்டேளா, எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒண்ணையும் மறைக்கலை. அதாக்கும் எனக்கு ஸம்சயம். தப்புப் பண்ணாதவா யாராவது இப்படி வரிசையா விவரம் சொல்லுவாளா?"

வீட்டில் ஒரு மணிக்கு இலை போட்டாயிற்று. வெங்கிடேஸ்வரன் வெளியில் பச்சைத் தண்ணீர் தொடாதவர். இதைச் சொல்லாமல் அவர் எந்தக் கூட்டத்திலும் பேச்சை முடித்ததில்லை. மனைவி கங்கா சாம்பாரை விட்டாள். வலது கையை இடது கை தாங்கிப் பிடித்திருந்தது. அவர் பார்வை இலையில் இருந்தது.

"இதைப் பார். இதாக்கும் சாம்பார். நாலு தலைமுறையா வர பாலக்காட்டுக் கைமணம். பருப்பு எப்படித் தெரியறது பார்!"

"தெரியறதா?"

"அந்த மனுஷி மத்தங்காயைக் கரைச்சு ஊத்தி எழுபது பேரை ஏமாத்திண்டிருக்கா. நாக்குன்னு ஒண்ணு இருக்கறவனுக்கு முதல் வாயிலேயே பிடிபட்டுடும்."

"உங்களுக்குப் பிடிபட்டுடுமா?"

"எனக்கா! நன்னாக் கேட்டே. இன்னும் ரெண்டு கரண்டி விடு."

கங்கா விட்டாள். அப்பளத்தை உடைத்து வைத்தாள். பிறகு, வேறு எதையோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அவளுக்குக் கடிதம் குடுக்கப் போறேளா, இல்லியா?"

"உனக்கென்ன அதுல?"

"ஒண்ணுமில்லை. முப்பதாம் தேதிக்கு எத்தனை நாள் இருக்குன்னு பார்த்தேன்."

சாம்பார் வைக்கிற பெண்களுக்குள் ஏதோ ஒற்றுமை இருக்கும் போலும் என்று நினைத்து அவர் அதை விட்டுவிட்டார். வீட்டைச் சந்தேகப்படுகிற அளவுக்கு அவருக்கு நேரம் இல்லை.

இரண்டாம் வாரம் அவர் நேரடிக் கண்காணிப்பில் இறங்கினார். சாய்ப்புக்கு எதிரே சுதீரின் சாயாக்கடை. காலை பத்து மணிக்கு, வழக்கமாகப் பேரவை மண்டபத்தில் பேப்பர் படிக்கிற நேரத்தில், அந்தக் கடை பெஞ்சில் ஒரு டயரியோடு உட்கார்ந்தார். இஞ்சி காய்கிற வாடையும் மிளகுச் சாக்கின் நெடியும் தெருவை அடைத்திருந்தன. அதற்குள் எந்தச் சமையல் வாசனையும் தலைகாட்ட முடியாது.

"சாரே, சாயா எடுக்கட்டே?"

"வேண்டாம். நான் வெளியில ஒண்ணும் தொடறதில்லை."

சுதீர் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஈ பெஞ்சும் வெளியில் உள்ளதுதானே, சாரே. பின்னே அதை எங்ஙனே தொட்டு உட்காருறீங்க?"

வெங்கிடேஸ்வரன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். அவ்வளவுதான் விட்டுக்கொடுக்க முடிந்தது.

பத்து இருபத்தைந்துக்குச் சாய்ப்பில் ஒரு காரியம் நடந்தது. சந்தனமாரி அண்டாவிலிருந்து சாம்பாரை மொண்டு ஓர் அடுக்குப் பாத்திரத்தில் ஊற்றினாள். மேல் தட்டில் சோறும் தொடுகறியும் போயின. பச்சைத் துணிப்பைக்குள் அதை இறக்கி, வீரபாண்டி கையில் கொடுத்தாள். அவன் பின்வாசல் வழியாக, ஆமை நடையில் போனான். வரிசையில் ஒருவன்கூட அப்போது வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் டயரியில் இரண்டு முறை அடிக்கோடு வாங்கியது. சந்தனமாரி இரண்டாவது அடுப்பிலிருந்து தட்டு மூடிய ஓர் இருப்புச் சட்டியை எடுத்தாள். எதையோ சொர்ரென்று அண்டாவில் கவிழ்த்தாள். மூடினாள்.

மறுநாளும் அதே நேரம், அதே பச்சைப் பை, அதே சட்டி.

"என்ன ஊற்றுகிறாய்" என்று தெருவைக் கடந்து போய் அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். பதில் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துபோகும். வெங்கிடேஸ்வரன் விசாரணையின் ஒழுங்கைக் காப்பாற்றினார்.

அன்று பேரவை மண்டபத்தில் குழு கூடியது.

"விஷயம் கிளீனாப் பிடிபட்டாச்சு," என்றார். "யாரோ ஒருத்தனுக்கு நல்ல சாம்பாரை முதல்ல எடுத்து ரகசியமாப் பின்வாசல் வழியா அனுப்பறா. அப்புறந்தான் அந்த வஸ்துவை அண்டாவுல கலக்கறா. அது ஏழைகள் வயித்துக்குப் போறது. அந்தப் பச்சைப் பையை வாங்கறவன் யாரோ, அவனுக்கு எல்லாம் தெரியும். அவனாக்கும் இதுக்கெல்லாம் மூளை."

"பெரிய ஆளாட்டு இருக்கணும்," என்றார் ராமபத்ரன்.

"உங்க சாம்பிள் என்ன சொல்றது?"

ராமபத்ரன் தொண்டையைச் செருமினார். "இப்போதைக்கு விஷமொண்ணும் காணலை. ஆனா ஒரு வாரமா தினம் எடுத்தும் போதலை. புளி எந்த அளவுன்னு தீர்மானமாச் சொல்ல இன்னும் ரெண்டு மூணு சாம்பிள் வேண்டிவரும்."

முத்துவேல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் கடைப் பூவைத்தான் கங்கா மாமி வாங்குவாள். பச்சைப் பை எந்தத் தெருவுக்குப் போகிறது என்பது பூக்கடையிலிருந்து பார்த்தால் தெரியும்.

"சார், அது யாரோ வயசானவங்க வீட்டுக்குப் போகுது சார். விட்டுருங்க."

"யார் வீட்டுக்கு?"

"பேரெல்லாம் தெரியாது சார்."

"பேர் தெரியாதவாளுக்கு வயசு மட்டும் எப்படி ஓய் தெரியும்?"

வெங்கிடேஸ்வரன் டயரியைத் திறந்து, மூளையின் பெயருக்கென்று விட்ட காலியிடத்துக்குக் கீழே, 'முத்துவேல், உடந்தை' என்று எழுதினார்.

"சார்," என்றான் முத்துவேல் கடைசியாக. "இன்னிக்குத் தேதி இருவத்தஞ்சு. அந்த அக்கா தினம் கடைக்கு வந்து கடிதம் என்னாச்சுன்னு கேக்குது. அடுப்பை நிறுத்திட்டா அந்த மனுசன் இடுப்பை வச்சிக்கிட்டு வேற என்ன வேலைக்குப் போவான்? ஊருக்குப் போனா அங்க கடன்காரங்கதான் இருக்காங்க."

"உண்மை இருந்தா கடிதம் உண்டு," என்றார் தலைவர். இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனதால் ராமபத்ரனை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இருபத்தாறாம் தேதி பத்து இருபத்தைந்துக்குப் பச்சைப் பை கிளம்பியது. வெங்கிடேஸ்வரனும் கிளம்பினார்.

வீரபாண்டியைப் பின்தொடர்வது உலகத்திலேயே சுலபமான துப்பறியும் வேலை. திரும்பிப் பார்க்க அவன் இடுப்பு இடம்கொடுக்காது. நூறடிக்கு ஒருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொள்வான். அவன் நின்றபோதெல்லாம் வெங்கிடேஸ்வரன் ஒளிந்தார். இஞ்சி மூட்டைக்குப் பின்னால் ஒருமுறை, நிறுத்திவைத்த ஆட்டோவுக்குப் பின்னால் ஒருமுறை. "எவிடெ போகணும் சாரே?" என்று ஆட்டோக்காரன் கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பஜார் முடிந்தது. அரண்மனை ரோட்டைக் கடந்தான். குளத்தோரம் திரும்பினான். வெங்கிடேஸ்வரன் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். இது அவர் குடியிருக்கிற வட்டாரம். மூளை இங்கேயே இருக்கிறான்! யாராக இருக்கும்? மூலைவீட்டு வக்கீலா? போன ஆண்டு விழாவில் பொன்னாடை போதவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனானே, அவனாகத்தான் இருக்கும். ஆனால் வீரபாண்டி வக்கீல் வீட்டைத் தாண்டினான். அடுத்த வீட்டுக் கொங்கணி டாக்டரா? டாக்டருக்கு வஸ்துக்களைப் பற்றித் தெரியும். டாக்டர் வீட்டையும் தாண்டினான். இரண்டு மதில்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்தில் இறங்கினான். ஒரு பச்சை மரக்கதவைத் தட்டினான்.

அந்தக் கதவுக்கு வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கச் சொல்லித் திட்டுகிறவர் வெங்கிடேஸ்வரன்தான். அதன் இந்தப் பக்கத்தைத்தான் அவர் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தது கங்கா.

"வா வீரபாண்டி, உள்ள வை. வெயில் ஜாஸ்தியா இன்னிக்கு?" என்றவள் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "வாங்கோ. நம்மாத்துக்கு வாசல் வழியாவே வந்திருக்கலாமே."

வெங்கிடேஸ்வரன் இரண்டே எட்டில் சமையலறைக்குள் வந்து பச்சைப் பையை உருவினார். எவர்சில்வர் அடுக்கு பளபளத்தது. அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'ஆர். வெங்கிடேஸ்வரன், கடன் பிரிவு மேலாளர், பணிநிறைவு அன்பளிப்பு.'

"என் பேர்!" என்றார். "என் பாத்திரம்! திருட்டு!"

"ஐயோ சார், தெனமும் கழுவித்தானே திருப்பிக் குடுக்கோம்," என்றான் வீரபாண்டி.

"அப்போ லஞ்சம்! கையெழுத்துக்காக என் ஆத்துக்காரிக்குப் பின்வாசல் வழியா லஞ்சம்!"

"கையெழுத்துக் கேட்டு ரெண்டு வாரமாச்சு," என்றாள் கங்கா. "இது மூணு வருஷமா வருது."

வெங்கிடேஸ்வரன் ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா நான் சாப்பிட்டது?"

"மத்தங்கா."

"நாலு தலைமுறைக் கைமணம்னு…"

"ஒரு கரண்டி தேங்கா வறுத்தரைச்சு விடுவேன். கடுகும் பெருங்காயமும் தாளிப்பேன். கடுகு நம்மாத்துது. அதுல ஸம்சயம் வேண்டாம்."

அவர் கடைசிச் சாட்சியைப் பிடித்துக்கொண்டார். "மாசம் மூணு கிலோ பருப்பு வாங்கிண்டு வரேனே, அது எங்கே?"

"காசு வேண்டாம்னுட்டா. அதனால அந்தப் பருப்பு அவ கிட்டப் போறது. நாளைக்கு நூறு கிராம். அவ போடற ஒரு கிலோவுல பத்துல ஒரு பங்கு உங்களோடதாக்கும்."

ரெண்டரைக் கிலோவைத் தேடிப் புறப்பட்ட விசாரணைக்கு நூறு கிராம் அகப்பட்டிருந்தது. அதுவும் தன் கையால் வாங்கியது.

"அந்த இருப்புச் சட்டி?" அவர் குரல் இப்போது கேள்வி கேட்கிற குரலாக இல்லை. "தூக்கு கிளம்பினப்புறம் கவுக்கறாளே?"

வீரபாண்டி சுவரைப் பிடித்து நிமிர்ந்தான். "பூண்டும் சின்ன உள்ளியும், அதான் சின்ன வெங்காயம், வதக்குனது சார். ஒங்களுக்கு ஆகாதுன்னு மாமி மொத நாளே சொல்லிட்டாக. அதான் உள்ளி விழுமுன்ன ஒங்களுக்கு எடுத்துருவா. அதுக்குன்னே பத்தரைக்குள்ள சாம்பாரு எறக்கணும்னு அவ பறக்கது."

யாருக்காகவோ தனியாக எடுத்துவைக்கிறாள் என்று கண்டுபிடித்தது சரிதான். டயரியில் மூளையின் பெயருக்கு விட்டிருந்த இடம் இன்னும் காலியாக இருந்தது.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றார்.

கங்கா வலது கையைத் தூக்கினாள். மார்பு மட்டத்துக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. இன்னும் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. இறக்கிக்கொண்டாள்.

"இவ்வளவாக்கும் கை பொங்கறது. தோள் பூட்டிண்டுடுத்து. கல்சட்டியைத் தூக்கவோ பருப்பைக் கடையவோ முடியலை. டாக்டர்ட்டப் போகணும்னு சொன்னேன். அன்னிக்கு உங்களுக்குப் பேரவை ஆண்டு விழா."

அந்த ஆண்டு விழா அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெண்மையைப் போற்றுதல் என்ற தலைப்பில் ஐம்பது நிமிஷம் பேசியிருந்தார்.

வீரபாண்டி மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஒரு மணிக்கு இலை போட்டாயிற்று. வெங்கிடேஸ்வரன் முதல் கவளத்தை நாக்கில் வைத்து மத்தங்காயைத் தேடினார். இரண்டாவதிலும் தேடினார். கிடைக்கவில்லை. நேற்று இருந்த அதே சாம்பார்தான், அதே கெட்டி. இன்னொரு கரண்டி கேட்க வாய் வரவில்லை. கங்கா பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் தாமே விட்டுக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்திற்று.

"டாக்டர்கிட்ட நாளைக்கே போயிடலாம்," என்றார்.

"நாளைக்கு விசாரணைக் குழு இல்லியா?"

"இல்லை."

அன்று மாலை அவர் கடிதத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றாம் தேதி சந்தனமாரியின் அடுப்பு அணையும். அதோடு இங்கேயும் சாம்பார் நிற்கும். உண்மையை எழுதினால் ராமபத்ரன் அதை நல்ல மலையாளத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். ஊர் முழுக்க வாசிக்கும். கடைசியில் அறிக்கை இப்படி வந்தது: 'குழு நேரில் கண்டும், நீண்ட காலம் உண்டும் ஆராய்ந்ததில், மேற்படி சமையல் முற்றிலும் தூய்மையானது என்றும், பாலக்காட்டுப் பாரம்பரிய முறைக்கு மிக நெருங்கியது என்றும் தெரியவருகிறது.' 'நீண்ட காலம்' என்பதை ஒருமுறை அடித்தார். பிறகு என்ன தோன்றிற்றோ, திரும்ப எழுதினார். கீழே வீட்டு உடைமையாளர் சம்மதத்தையும் சேர்த்துப் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

"அதெப்படி ஓய்!" என்றார் ராமபத்ரன், மண்டபத்தில் அதைக் கேட்டதும். "என் பரிசோதனை பாதியில நிக்கறதே!"

சந்தனமாரி கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முத்துவேல் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நன்றி சார். அப்புறம் ஒரு விசயம். ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தன நாளா எங்க வீட்டுக்காரரு அந்த இடுப்போட நடந்தாரு. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே."

"அதுக்கு?"

"பாத்திரம் கொண்டு வாரவுகளுக்குத்தான் சோறு. எல்லாருக்கும் அதானே சார்."

வெங்கிடேஸ்வரன் முத்துவேலைப் பார்த்தார். முத்துவேல் கூரையில் ஏதோ முக்கியமான ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தான்.

"பத்தரைக்கு வந்துருங்க," என்றாள் சந்தனமாரி. "உள்ளி விழுமுன்ன."

ஒன்றாம் தேதி காலை பத்து இருபதுக்கு வெங்கிடேஸ்வரன் பச்சைப் பையோடு சாயாக்கடையைத் தாண்டினார்.

"சாரே! கையில எந்தா?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

"பாத்திரம் எடுத்துக்கொண்டா இன்ஸ்பெக்‌ஷன்?"

"சாம்பிள் எடுக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

சாய்ப்பில் அவருக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார். ராமபத்ரன். ஹார்லிக்ஸ் பாட்டில் போய், கையில் நாலடுக்குக் கேரியர் வந்திருந்தது. குழுவின் இரண்டு உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் அண்டாவைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கும் பத்தரைக்கா ஓய்?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

ராமபத்ரன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இல்லை. உள்ளி விழுந்தப்புறம் வாங்கிக்கறேன். நீங்க முதல்ல ஆகட்டும்."

வெங்கிடேஸ்வரன் அடுக்கை வெளியே எடுத்து, வெட்டியிருந்த பெயர் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தார். சந்தனமாரி கரண்டியோடு வந்தவள் அதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"பேரு தெரியட்டும் சார்," என்றாள். "இல்லேன்னா ஆளு மாறிப் பூண்டு விழுந்துரும்."